டூர் போன ஞாயிறு யார் கணக்கில்?

வேலை நிமித்தம் வெளியூர் போகிறவர்களின் ஞாயிற்றுக்கிழமை பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். கணபதியிலிருந்து கரூர் வரை கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக் கடிதங்கள் ரயிலிலோ பஸ்ஸிலோ உட்கார்ந்து எழுதியவை என்பது எழுத்தின் குலுக்கலிலேயே தெரிகிறது. இந்த முறை எல்லாப் பக்கமும் அவர்களுக்கே.

ஏனுங்க, சனிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ்ல ஏத்தி உடறாங்க. ஞாயித்துக்கிழமை பூராவும் சென்னையில சைட்டு. ராத்திரி மறுபடியும் ரயிலு. திங்கக்கிழமை காலையில எட்டரைக்குப் பஞ்ச் வெக்கலீன்னா அரை நாள் சம்பளம் போச்சு. இது நாயமுங்களா?
— சர்வீஸ் ஃபிட்டர், கணபதி

நாயமில்லைங்க. உங்களுக்கு வரவேண்டிய கடன் இரண்டு. முதலாவது, சைட்டில் ஸ்பேனர் பிடித்த ஞாயிறு. அதில் வாதத்துக்கே இடமில்லை. ஆறு நாள் உழைத்த தொழிலாளிக்கு ஒரு முழு நாள் ஓய்வு என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஓய்வு நாள் பறிபோனால் அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ ஈடு விடுமுறை தர வேண்டும். வாரத்துக்கு 48 மணி நேரம்; அதைத் தாண்டினால் இரட்டிப்புக் கூலி.

இரண்டாவது கடன், ரயிலில் போன இரண்டு இரவுகள். இதைக் கடன் என்று ஒப்புக்கொள்ளத்தான் ஆளில்லை. நீங்கள் அத்தை வீட்டு விசேஷத்துக்குச் சென்னை போகவில்லை. கம்பெனி சொல்லாவிட்டால் அந்த இரவு உங்கள் வீட்டுப் பாயில் படுத்திருப்பீர்கள். ஆகவே அந்த இரவும் கம்பெனியுடையதுதான். இரண்டு இரவு குலுங்கி வந்தவரைத் திங்கள் காலை ஓடுகிற மெஷின் முன்னால் நிறுத்துவது விரலோடு விளையாடுவது. திங்கள் காலை பஞ்ச் கேட்பவரிடம் அந்த ஒரு காரணத்தையாவது முதலில் சொல்லுங்கள்.

பயண நேரம் வேலை நேரமா, இல்லையா? சட்டம் சொல்வதை ஒரே வரியில் சொல்லவும்.
— கணக்காளர், ரேஸ்கோர்ஸ்

ஒரு வரியில் அடங்காது. நம் சட்டங்களே ஒன்றுக்கொன்று வேறு பாஷை பேசியிருக்கின்றன.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, வாரம் ஒரு முழு நாள் விடுமுறை, கூடுதல் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று நல்ல ஏற்பாடுகளைச் செய்தது. ஆனால் அதன் 4ஆம் பிரிவைப் புரட்டினால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்று இருக்கும். அதன் அடியிலேயே இன்னொரு வகையினர்: பயணம் செய்வதே வேலையாக உள்ளவர்கள். அவர்களுக்கும் பொருந்தாது. எழுதியவர்கள் மனதில் இருந்தவர், சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொண்ட விற்பனையாளர் என்று நினைக்கிறேன். அவர் எப்போது டீ குடித்தார் என்று முதலாளிக்குத் தெரியாது. இன்றைக்கு? எந்த டோல்கேட்டைத் தாண்டினார் என்பது வரை செல்போன் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நேரம் அவர் கையை விட்டுப் போய்விட்டது. விலக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. மாதத்துக்கு ஒருமுறை ஆடிட்டுக்குச் சென்னை போகிற உங்களைப் போன்ற கணக்காளரை அந்த வரிக்குள் தள்ள முடியாது என்பது என் வாசிப்பு. பயணம் செய்வது உங்கள் வேலை இல்லை. வேலைக்காக ஒரு பயணம் செய்கிறீர்கள்.

இப்போது 1979க்கு வாருங்கள். வெளிமாநிலத்துக்கு ஒப்பந்தக்காரர் மூலம் அழைத்துப்போகும் தொழிலாளர்களுக்காக நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. போகவும் வரவும் பயணக் கட்டணம் தர வேண்டும் என்றது. அத்தோடு நிற்காமல், பயணம் செய்யும் நாள்களுக்குப் பணியில் இருந்ததாகவே கருதிக் கூலி தர வேண்டும் என்றும் எழுதியது. இந்தியச் சட்டத்தில் நான் படித்த நேர்மையான வரிகளில் அதுவும் ஒன்று. ஒடிசாவிலிருந்து ரயிலேறும் கூலித் தொழிலாளிக்கு ரயில் நேரம் வேலை நேரம் என்றால், பீளமேட்டிலிருந்து சூரத்துக்கு அனுப்பப்படும் டெக்னீஷியனுக்கு மட்டும் அது எப்படி உல்லாசப் பயணமாகும்? புதிய தொகுப்பில் ஊர் போய்வரும் கட்டணம் இருக்கிறது. பயண நாள் கூலி பற்றிய அந்த வரி இல்லை. எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

பேட்டா குடுத்தாச்சில்ல, அப்புறம் ஞாயித்துக்கிழமைக்கு வேற என்ன கேக்கறேங்கறாரு எங்க மேனேஜரு. என்ன பதில் சொல்றதுங்க?
— எலக்ட்ரீஷியன், சிங்காநல்லூர்

பேட்டா வயிற்றுக்கு. கூலி உழைப்புக்கு. வீட்டில் இருந்தால் செலவாகாத காலை டிபனும் லாட்ஜ் வாடகையும் வெளியூரில் செலவாகின்றன. அதைத் திருப்பித் தருகிறார்கள். ஊதியச் சட்டத் தொகுப்பும், வேலையின் தன்மையால் ஏற்படும் சிறப்புச் செலவுக்காகத் தரும் தொகையை ஊதியமாகக் கணக்கிடுவதில்லை. ஊதியமே இல்லாத ஒன்று ஞாயிற்றுக்கிழமை ஊதியத்துக்கு ஈடாகாது. மேனேஜரிடம் பணிவாகவே கேட்கலாம்: "பேட்டாவுல நான் சாப்பிட்டுட்டனுங்க சார், ஞாயித்துக்கிழமைக்கு என்னங்க சார்?"

பேட்டா என்பது தமிழ்ச் சொல்லா?
— தமிழாசிரியை, அவிநாசி

இல்லைங்க அம்மா. படையோடு ஊருக்குள் வந்த சொல். கிழக்கிந்திய கம்பெனி முகாமில் இருக்கும் தன் படைக்குத் தந்த கூடுதல் படிக்கு அந்தப் பெயர். 1766இல் ராபர்ட் கிளைவ் வங்காளத்தில் இரட்டை பேட்டாவை நிறுத்தியபோது வெள்ளைக்கார அதிகாரிகள் கூட்டமாக ராஜினாமாக் கடிதம் கொடுத்துக் கலகத்தில் இறங்கினார்கள். நல்ல தமிழில் 'பயணப்படி' இருக்கிறது. வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுங்கள். பட்டறையில் பேட்டாவே இருக்கட்டும்; அங்கே அது வேர்பிடித்துவிட்டது.

பேட்டாவுக்கு வருமான வரி உண்டா?
— சேல்ஸ் என்ஜினியர், வடவள்ளி

டூரில் அன்றாடச் செலவுக்கென்று தரப்படுவதில் உண்மையாகச் செலவான அளவுக்கு வரி இல்லை. மிஞ்சியதற்கு உண்டு. ஆகவே ஹோட்டல் பில்லைக் கசக்கிப் போடாதீர்கள்.

நானும்தானுங்க ஞாயித்துக்கிழமை வேலை செய்யறேன். எட்டு ஆளு வெச்சு சின்னப் பட்டறை. வெளியூர்ல மெஷின் நின்னு போச்சுன்னா ஞாயித்துக்கிழமைதான் கை வெக்க முடியும், மத்த நாளு அவங்களுக்கு புரொடக்‌ஷன் ஓடும். போற ஆளுக்குச் சம்பளமும் குடுத்து, பேட்டாவும் குடுத்து, வந்ததும் லீவும் குடுத்தா நான் பட்டறையப் பூட்டோணும்.
— பட்டறை முதலாளி, குறிச்சி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கஷ்டம் உண்மையானது, எட்டு ஆள் வைத்து நடத்துகிறவரின் மாதக் கடைசி எப்படியிருக்கும் என்று பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. ஞாயிறன்றுதான் சர்வீஸ் என்பது உங்கள் தொழிலின் இயல்பு. அப்படியென்றால் அது எதிர்பாராத செலவில்லை. விலைக்குள் வரவேண்டிய செலவு. கொட்டேஷன் போடும்போது வார்ப்பு, காப்பர், பேரிங், பெயின்ட், பேக்கிங் மரம்வரை எழுதுகிறீர்கள். ஆளின் ஞாயிறு மட்டும் ஏன் அந்தத் தாளில் ஏறவில்லை?

கணக்குப் போடுவோம். மாதம் 24,000 ரூபாய் வாங்கும் ஃபிட்டர். 30ஆல் வகுக்க வேண்டாம். அவர் வேலை செய்வது 26 நாள். கிராஜுவிட்டிக்குச் சட்டமே 26ஆல்தான் வகுக்கிறது. ஒரு நாளுக்கு 923 ரூபாய் வருகிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, இரட்டிப்புக் கூலி என்றே வைத்தாலும் 3,692 ரூபாய். நின்றுபோன மெஷினைத் திங்கள் காலை ஷிஃப்டுக்கு ஓட்டிக்கொடுத்தால் உங்கள் வாடிக்கையாளர் மிச்சம் பிடிப்பது அதைவிடப் பல மடங்கு. பில்லில் 'ஞாயிறு சர்வீஸ்' என்று தனி வரி போடுங்கள். கொடுப்பார். கொடுக்க மனமில்லாதவர் திங்கள்வரை காத்திருக்கட்டும்.

பணம் கொடுக்க முடியாத மாதத்தில் நாள் கொடுங்கள். சும்மா "அப்புறம் பார்த்துக்கலாம் கண்ணு" என்று சொல்லாமல், "வர்ற புதன்கிழமை எடுத்துக்கோ" என்று கிழமையைச் சொல்லுங்கள். கை தேர்ந்த ஃபிட்டர் ஒருவர் ஞாயிறு ஞாயிறாகச் சலித்துப்போய் வேறு கம்பெனிக்குப் போனால், அந்த இடத்தில் இன்னொருவரைப் பழக்க உங்களுக்கு எத்தனை மாதம் ஆகும்?

நீங்களும் ஞாயிறு உழைக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ஞாயிறு உங்கள் பட்டறையில் சேர்கிறது. அவருடைய ஞாயிறும் உங்கள் பட்டறையில்தான் சேர்கிறது.

கல்யாணம் ஆகலைங்கற ஒரே காரணத்துக்காக சனி ஞாயிறு டூரெல்லாம் என் தலையிலயே விழுது. "உனக்கென்ன தம்பி, பொண்டாட்டியா புள்ளையா"ங்கறாங்க.
— கமிஷனிங் என்ஜினியர், சூலூர்

அம்மா இருப்பார். நண்பர்கள் இருப்பார்கள். துவைக்காத துணியும் தூங்காத தூக்கமும் இருக்கும். யாருமே இல்லாவிட்டாலும் ஞாயிறு உங்களுடையது. குடும்பம் இருப்பதற்காகத் தரும் சலுகை இல்லை வார ஓய்வு. ஆறு நாள் உழைத்ததற்காக வருவது. டூர் முறையை மாத ஆரம்பத்தில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். எல்லார் கண்ணிலும் படும்போது பாரம் தானாகவே பங்காகும். பொண்ணு பார்க்கப் போகவும் ஒரு ஞாயிறு வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள், தம்பி.

ஆர்டர்ல 'எக்ஸிக்யூட்டிவ்'னு போட்டிருக்காங்க. அதனால ஓ.டி. கிடையாதுங்கறாங்க. ஆனா நான் செய்யறது முழுக்க பம்ப் கழட்டி மாட்டற வேலை.
— பெயர் வேண்டாம், நீலாம்பூர்

பதவிப் பெயரைப் பார்க்காதே, செய்யும் வேலையைப் பார் என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் வழி. நாளின் பெரும்பகுதி நீங்கள் கையால் செய்யும் தொழில்நுட்ப வேலையா, அல்லது நாலு பேரை வேலை வாங்கி, லீவு கொடுத்து, தண்டிக்கும் அதிகாரமா? முதலாவது என்றால் விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருந்தாலும் நீங்கள் தொழிலாளிதான். மேற்பார்வை வேலை என்றால்தான் சம்பள வரம்பு குறுக்கே வரும். புதிய தொகுப்புகளில் அது மாதம் 18,000 ரூபாய். சர்வீஸ் ரிப்போர்ட் நகல்களைப் பத்திரமாக வையுங்கள். என்ன கழற்றினீர்கள், என்ன மாட்டினீர்கள் என்று வாடிக்கையாளர் கையெழுத்தோடு இருக்கும் தாள் அது. எந்தப் பதவிப் பெயரையும்விட அது உரக்கப் பேசும்.

எங்களுக்கு சைக்கிள் மீட்டிங் (விற்பனைத் திட்டக் கூட்டம்) எப்போதும் ஞாயிறுதான். திங்கள் காலை வழக்கம்போல டாக்டர் விசிட். மருந்துப் பிரதிநிதிக்கு என்று ஏதாவது இருக்கிறதா?
— மெடிக்கல் ரெப், ஈரோடு

இருக்கிறது. 1976இல் விற்பனை மேம்பாட்டுப் பணியாளர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. பணியில் இருந்த காலத்தில் பதினொன்றில் ஒரு பங்கு முழுச் சம்பள விடுப்பு, அதாவது பதினொரு மாதத்துக்கு ஒரு மாதம். மருத்துவச் சான்றின் பேரில் பதினெட்டில் ஒரு பங்கு அரைச் சம்பள விடுப்பு. இப்போது அச்சட்டம் புதிய தொகுப்புக்குள் போய்விட்டாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. நாள் முழுவதும் பஸ் ஸ்டாண்டுக்கும் கிளினிக் வாசலுக்கும் நடுவே ஓடுகிறவர்களுக்குச் சாதாரண வேலைநேரக் கணக்கு ஒத்துவராது என்று உணர்ந்து செய்த ஏற்பாடு. அந்த விடுப்பைச் சேர்த்துவைத்துக் கடைசியில் காலாவதியாக விடாமல் எடுங்கள். ஞாயிறு மீட்டிங்குக்கு ஈடு நாள் கேட்பதை ஒருவராகக் கேட்காதீர்கள், சங்கமாகக் கேளுங்கள். மெடிக்கல் ரெப்புகளுக்கு அது புதிதில்லை.

அவரு மாசத்துல மூணு ஞாயித்துக்கிழமை ஊர்ல இருக்கறதில்லைங்க. பையன் ஸ்கூல்ல 'எனது குடும்பம்'னு படம் வரையச் சொன்னாங்க. அப்பாவை பஸ் ஜன்னல்ல உக்கார வெச்சு வரைஞ்சிருக்கான்.
— இல்லத்தரசி, கவுண்டம்பாளையம்

பல வருடம் பம்ப் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் ஆளாக அலைந்தவன் நான். என் மகளுக்குக் காதுகுத்துச் சீர் வைத்த அன்று நாக்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். தாய்மாமன் மடியில் அவள் அழுத அழுகையை அப்புறம் ஊரே சொல்லித்தான் கேட்டேன். ஊர் வந்ததும் மூன்று நாள் ஈடு லீவு கிடைத்தது. எழுதிக் கேட்காமலேயே கொடுத்த நல்ல அதிகாரி அவர். ஆனால் அந்த மூன்று நாளும் செவ்வாய், புதன், வியாழன். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

அதனால்தான் சொல்கிறேன், ஈடு நாள் கிடைத்தாலும் போன ஞாயிறு அப்படியே திரும்பி வருவதில்லை. உறவுக்காரர்கள் கூடுவதும், நோம்பி சாட்டுவதும், குழந்தைகள் வீட்டில் இருப்பதும் அந்த நாளில்தான். இரட்டிப்புக் கூலி என்று சட்டம் வைத்ததற்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் நான் கேட்டதாக ஒன்று கேளுங்கள்: மாதம் மூன்று ஞாயிறை இரண்டாக்க முடியுமா என்று மேலதிகாரியிடம் இதுவரை ஒருமுறையாவது கேட்டிருக்கிறாரா? பையன் படத்தைக் கிழித்துவிடாதீர்கள். அவர் கேட்கப் போகும்போது சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை லீவு இந்தியாவுல யாரு வாங்கிக் குடுத்தது?
— பிளஸ் டூ மாணவன், மேட்டுப்பாளையம்

பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே. 1884இல் மில் தொழிலாளர்களைத் திரட்டி வார விடுமுறை கேட்டு மனு கொடுத்தார். 1890 ஜூனில் மில் முதலாளிகள் சங்கம் இறங்கிவந்தது. நம் கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் துரை மில் வைத்தது 1888. சங்கு ஊதத் தொடங்கிய காலத்திலேயே ஓய்வு கேட்கும் குரலும் தொடங்கிவிட்டது. தொழிற்சாலைகளில் வார ஓய்வு பற்றிய சர்வதேச உடன்படிக்கை 1921இல் உருவானது. இந்தியா 1923இலேயே அதை ஏற்றுக்கொண்டது.

ஞாயிறும் வேலை வாங்க முடியவில்லையே, வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2025இல் ஒரு பெரிய கம்பெனித் தலைவர் பேசினாரே?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சாய்பாபா காலனி

90ஐ ஏழால் வகுத்தால் நாளுக்கு 13 மணிக்குச் சற்றுக் குறைவு. இதில் போக்குவரத்து, குளியல், சாப்பாடு, தூக்கம் சேரவில்லை. தன் உழைப்புக்குப் பங்கும் லாபமும் பெறுகிறவர் எவ்வளவு வேண்டுமானாலும் உழைக்கட்டும். மாதச் சம்பளக்காரரிடம் அதைக் கேட்பது தவறு. தமிழ்நாட்டில் நாள் வேலையை 12 மணி வரை நீட்ட வழிசெய்த மசோதா 2023 ஏப்ரல் 21இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. ஊர் அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

பையன் ரிக் வண்டியில சத்தீஸ்கர் போயி ஏழு மாசமாச்சுங்க சாமி. ஞாயித்துக்கிழமையே கெடையாதாம். மழை புடிச்சாத்தான் ஊருக்கு வருவானாம்.
— ஒரு தாய், திருச்செங்கோடு

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி போகாத மாநிலம் இல்லை, ஆப்பிரிக்கா வரைக்கும் போகிறது. அந்தப் பெருமைக்குப் பின்னால் உங்கள் மகன் போன்றவர்கள் வண்டி அடியிலேயே படுத்து எழுகிறார்கள். ஏழு மாதத்தில் முப்பது ஞாயிறு இருக்கிறதுங்க அம்மா. ஊர் வந்து கணக்கு முடிக்கும்போது அந்த முப்பதுக்கும் தனியாக ஒரு வரி போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். துளை போடப் பாயின்ட் கிடைக்காமல் நடுக்காட்டில் வண்டியோடு காத்திருந்த நாளை ஓய்வு நாள் என்று கழிக்கப் பார்ப்பார்கள். ஒப்புக்கொள்ள வேண்டாம். எழுந்து வீட்டுக்குப் போக முடியாத நாள் ஓய்வு நாள் ஆகாது.

லோடுக்குக் காத்திருக்கும் நேரமும் வேலைதானே?
— லாரி டிரைவர், சங்ககிரி

நடைக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களின் காயம் இது. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரம் என்பதற்கு ஓர் அருமையான விளக்கம் வைத்திருந்தது: தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரம். ஆனால் சும்மா காத்திருப்பதில் கால் மணி நேரத்துக்கு உட்பட்டதைத்தான் வேலை என்று பெயர் சொல்லிச் சேர்த்தது. அதற்கு மேல் குடோன் வாசலில் நிற்கும் நேரம்தான் தகராறு. அந்த முதல் பாதியை, 'முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரம்' என்பதை மட்டும், டூர் போகிற எல்லாருக்கும் நீட்டிவிட்டால் இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்கு வேலையே இல்லை.

வெளிநாட்டில் எப்படி?
— ஆர்.எஸ்.புரம் வாசகி

நிலையான அலுவலகம் இல்லாத சர்வீஸ் டெக்னீஷியன்களைப் பற்றிய வழக்கு ஒன்று ஸ்பெயினிலிருந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. வீட்டிலிருந்து நாளின் முதல் வாடிக்கையாளர் வரையும், கடைசி வாடிக்கையாளரிடமிருந்து வீடு வரையும் போகும் நேரம் வேலை நேரமே என்று 2015 செப்டம்பர் 10இல் தீர்ப்பு வந்தது. அமெரிக்காவில் வேறு கணக்கு: வழக்கமான வேலை 9லிருந்து 5 வரை என்றால், வெளியூர்ப் பயணம் அந்த மணிகளுக்குள் வருவது வேலை நேரம், சனி ஞாயிறாக இருந்தாலும் அதே மணிகள் கணக்கில் சேரும். ஓ.டி. உரிமை உள்ளவர்களுக்கு இது. ஆனால் அந்த மணிகளுக்கு வெளியே வெறும் பயணியாக உட்கார்ந்திருக்கும் நேரத்தை அங்கேயும் கழித்துவிடுகிறார்கள். நம் சேரன் எக்ஸ்பிரஸ் ஃபிட்டருக்கு அந்த விதியால் பாதி நன்மைதான். எனக்கு ஐரோப்பியத் தீர்ப்பின் போக்கே பிடித்திருக்கிறது.

பையரைப் பார்க்க வெள்ளி இரவு டெல்லி கிளம்பி ஞாயிறு நள்ளிரவு திரும்புகிறேன். ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரை வருவது என் பாடு. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
— மெர்ச்சன்டைசர், திருப்பூர்

கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. பீளமேடு விமான நிலையத்திலிருந்து திருப்பூர் வாசல்படி வரை உள்ள கடைசித் தூரமும் அந்த டூரின் பகுதிதான். டிக்கெட் போடும்போதே காரும் போடச் சொல்லுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013), வேலை நிமித்தம் போகும் எந்த இடத்தையும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடம் என்றே சொல்கிறது. டெல்லி ஹோட்டல் கூடத்தில் நடந்தாலும் புகார் கொடுக்க வேண்டிய குழு உங்கள் கம்பெனியில்தான் இருக்கிறது. ஒரு பெண் புகார் கொடுக்கும்போது பயணப் பாதையைப் பணியிடம் என்று ஒப்புக்கொள்ளும் சட்டம், அவர் கூலி கேட்கும்போதும் ஒப்புக்கொள்ள வேண்டாமா?

டூரில் போகும்போது விபத்து நடந்தால்?
— பெருந்துறை வாசகர்

வேலையின் பொருட்டு, வேலையின் ஊடாக நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு என்பது 1923இலிருந்து சட்டம். வேலை என்பது கேட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பம்பாயில் பணி முடித்து இன்னொரு பஸ்ஸில் வீடு திரும்பிய பஸ் டிரைவர் விபத்தில் இறந்த வழக்கில், அதுவும் வேலையின் ஊடாகத்தான் என்று 1963இல் தீர்ப்பானது. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ.க்குள் வருவார், 2010 திருத்தத்துக்குப் பிறகு வீட்டுக்கும் வேலைக்கும் இடைப்பட்ட விபத்தும் அதில் சேர்ந்தது. ஆனால் நிரூபிக்க வேண்டியது ஒன்று உண்டு: கம்பெனிதான் அனுப்பியது என்பது. வாயால் சொல்லி அனுப்பிய டூரில் அதை யார் நிரூபிப்பது? டூர் ஆர்டர் இல்லாமல் படியிறங்காதீர்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது கையில் இருக்கட்டும்.

அக்டோபர் 2 அன்று வெளியூர் சைட்டில் வேலை. ஞாயிறும் இல்லை, வார விடுமுறையும் இல்லை. என்ன கேட்கலாம்?
— தொழிற்சாலைத் தொழிலாளி, கோவில்பாளையம்

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாள் என்று தமிழ்நாட்டின் 1958 விடுமுறைச் சட்டம் ஒன்பது நாள் தருகிறது. அன்றைக்கு வேலை செய்தால் இரட்டிப்புக் கூலி, அல்லது அந்த நாள் கூலியோடு இன்னொரு நாள் விடுமுறை. இரண்டில் எது என்று தேர்ந்தெடுப்பவர் தொழிலாளி. முதலாளி இல்லை.

இதெல்லாம் கேட்டால் வேலை போய்விடாதா?
— பல்லடம் வாசகர்

பயம் நியாயமானது, அதனால் கேட்கும் விதத்தைப் பற்றிச் சொல்கிறேன். வந்தபிறகு கேட்டால் சண்டை போல ஒலிக்கும். கிளம்பும்முன் கேட்டால் ஏற்பாடு போல ஒலிக்கும். "சனி இரவு 10 மணிக்குக் கிளம்புகிறேன். ஞாயிறு சைட் வேலை. திங்கள் காலை 6 மணிக்கு ஊர் சேர்கிறேன்; மதியம் வேலைக்கு வருகிறேன். ஞாயிறுக்கு ஈடாகப் புதன்கிழமை எடுத்துக்கொள்கிறேன். ஒப்புதல் தேவை." இவ்வளவுதான். மணி இருக்க வேண்டும், கிழமை இருக்க வேண்டும். "லீவு கொடுங்கள்" என்று மொட்டையாக எழுதினால் மொட்டையாகவே மறுப்பு வரும்.

38 வருசம் மெஷின் எரெக்‌ஷன் பண்ணி ரிட்டயர் ஆனவனுங்க. இச்சல்கரஞ்சி, பில்வாரா, லூதியானா எல்லாம் பாத்தாச்சு. எந்த ஞாயித்துக்கிழமை எந்த ஊர்ல இருந்தேன்னு பாக்கெட் டைரியில குறிச்சு வெச்சிருக்கேன். இனி ஏதாவது கேக்க முடியுங்களா? பேரனும் இப்ப அதே வேலைக்குத்தான் போயிருக்கான்.
— பெரியநாயக்கன்பாளையம்

ஐயா, ஊதியப் பாக்கிக்குப் புதிய தொகுப்பு தருவது மூன்று வருட அவகாசம். பழைய சட்டத்தில் அதுவும் 12 மாதம்தான். உங்கள் பணம் வராது. இதை எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது. பேரனை அடுத்த டூர் ஆர்டரின் நகலை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கிளம்பும் நேரமும் ஊர் சேரும் நேரமும் அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.